பிரபுவின் சிங்கம்

"இது எங்க வம்சத்துச் சிங்கம். நல்லா பாத்துக்கோ" என்றார் ரூடால்ப் பிரபு.

போஹீமியாவின் அந்தக் கோட்டைச் சிற்றாலயத்தில், கோட்டையின் பழைய உரிமையாளர் ஒருவரின் கல்லறையைத் தோண்டியபோது கிடைத்த பட்டு அது. தன் கையாலேயே அதை வெளியே எடுத்து, ஆறு மாதமாக இழை இழையாகச் சுத்தம் செய்து சட்டத்தில் பொருத்தியிருந்தாள் ஹெட்விகா. சிவப்புப் பட்டில் பொன்னிழையில் நெய்த குலச்சின்னக் கேடயம், அதன் நடுவில் பின்கால்களில் நிற்கும் சிங்கம்.

கோட்டை தன் முன்னோருடையது என்று உரிமை கோரியிருந்தார் பிரபு. முடிவு வருவதற்கு முன்பே, கோட்டைத் தோட்டக்காரரான அவள் அப்பாவுக்கு வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் அனுப்பிவிட்டார்.

"நாளைக்கு விசாரணைக் குழு வருது. இதப் பாத்ததும் வாய மூடிக்குவாங்க. உங்கப்பா மூட்டை கட்டிட்டாரா?"

"கட்டிட்டிருக்காருங்க ஐயா. கல்லறையில எடுத்த போட்டோவையும் பக்கத்துல மாட்டட்டுமா?"

"பெருசாவே மாட்டு. ஆதாரம் வேணும்ல."

மறுநாள் குழுவின் தலைவர் அந்தப் போட்டோவின் முன்னால் வெகுநேரம் நின்றார். எலும்புக்கூட்டின் தலை மேலே இருந்தது. அதன் மார்பில் கிடந்த சிங்கத்தின் தலை கீழே இருந்தது.

"கேடயத்தத் தலைகீழா வெச்சுல்ல புதைச்சிருக்காங்க?"

"அதனால என்ன?" என்றார் பிரபு.

"வம்சத்தோட கடைசி வாரிசு செத்தாத்தான் நம்ம ஊர்ல அப்படி வைப்பாங்க. இவரோட அந்த வம்சமே முடிஞ்சுபோச்சு. அப்போ நீங்க யாரு?"

பிரபு மெல்ல ஹெட்விகாவின் பக்கம் திரும்பினார்.

"உனக்கு இது தெரியுமா?"

"மண்ணத் தள்ளின அன்னைக்கே தெரியுங்க ஐயா" என்றாள் அவள். "மூட்டை கட்டணும்னா சொல்லுங்க. அப்பாகிட்ட கயிறு மிச்சமிருக்கு."