செங்கல்லும் பூட்டும்

பஸ்ஸுக்குக் காசில்லை. கை காட்டியதும் நின்ற லாரியில், சூளையில் தன்னோடு கல் சுமக்கும் கூட்டாளியுடன் அவள் ஏறிக்கொண்டாள்.

"ரெண்டு பேரும் எங்கம்மா?" என்றார் டிரைவர்.

"கடல் பாக்க. ரெண்டு நாள் லீவு."

"புருஷன் விட்டாரா?"

"என்னை உள்ள வெச்சுப் பூட்டிட்டுப் போயிட்டார். இவங்கதான் பூட்டை உடைச்சாங்க."

டிரைவர் வண்டியை ஓரங்கட்டினார். கூட்டாளியை முறைத்தார்.

"அடுத்தவன் வீட்டுப் பூட்டை உடைப்பியா நீ? இறங்குங்க ரெண்டு பேரும். அந்த வீட்ல மாமியார்னு ஒருத்தி இருந்தா இதுக்கெல்லாம் விடுவாளா?"

கூட்டாளி இறங்கவில்லை. காய்ப்பேறிய கையால் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள்.

"இருக்கேனே. பூட்டினவன் நான் பெத்தவன். செங்கல்லால உடைச்சவ நான். இவ என் மருமக. நீ வண்டிய எடு."