பூசாத வரப்பு

“என் போர்வெல் தண்ணியைத் திருடிட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி நிக்கிறியா?”

வரப்பின் மேல் நின்று கத்தினார் இளையபெருமாள். கீழ் வயலில் மலர்க்கொடி தலைகுனிந்து நின்றாள். கோயில் நிலம், குத்தகை. கதிர் வெளிவரும் நேரம். இப்போது ஈரம் போனால் மிஞ்சுவது பதர்தான்.

“மரியாதையாப் பேசுங்க,” என்றார் விவசாயத் தொழிலாளர் சங்கத்துச் செழியன். தண்ணீருக்காகச் சிறைக்குப் போனவர். “வாங்க போங்கன்னு சொன்னா வாய் சுளுக்கிக்குமா?”

“திருடிக்கு என்னய்யா மரியாதை? வாய்க்கால் காஞ்சு கெடக்கு. குடவாசல் வரைக்கும் வயலெல்லாம் வெடிச்சுப் போச்சு. இவ வயல்ல மட்டும் ஈரம் எங்கேருந்து வந்துச்சு?”

கேள்வியில் நியாயம் இருந்தது. செழியன் பேச்சை மாற்றினார்.

“அவங்க கேட்டப்பவே ஒரு தடவை தண்ணி விட்டிருந்தா இந்தப் பேச்சு ஏன் வருது?”

“விட முடியாது!” என்று இரைந்தார் பக்கத்தில் நின்ற தம்பி துரைராசு. “போர் அண்ணனோடது. வெளியாளுக்கு ஒரு சொட்டு கிடையாதுன்னு அண்ணன் சொன்னா, கிடையாதுதான்!”

டீக்கடையிலும் ஊர் கேட்க இதையேதான் சொன்னார். அண்ணன் தஞ்சாவூரில் வீடு கட்டிப் போனபின், நிலத்தைப் பார்ப்பது அவர்தான்.

“நாங்க மறியல் பண்ணி ஆத்துல தண்ணி வந்தப்போ, உங்க வயலுக்கும்தானே பாய்ஞ்சுது? ஒரு நாளாவது வந்து உக்காந்தீங்களா?” என்றார் செழியன்.

“அதெல்லாம் மேடையில பேசு. வரப்புல ஓட்டை மட்டும் இருக்கட்டும், போலீசுக்குப் போவேன். இவ குத்தகையும் போயிடும்,” என்றார் இளையபெருமாள்.

முனைக்கு முனை தேடினார்கள். குழாய் இல்லை. வெட்டு இல்லை. மண்வெட்டி பட்ட தடமே இல்லை. நண்டு வளைகள்தான் இருந்தன.

“நண்டு மேல வேணா கேஸ் போடுங்க,” என்றார் செழியன். “அது எங்க சங்கத்துல உறுப்பினர் இல்லை.”

இளையபெருமாள் காரில் ஏறினார். மலர்க்கொடிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. குத்தகை பிழைத்தது.

செழியன் குனிந்து வரப்பைத் தடவிப் பார்த்தார். சிரிப்பு வந்துவிட்டது.

“தண்ணி இதுவழியாத்தான் கசியுது. நடவுக்கு முன்னாடி வரப்பைச் செதுக்கி, சேறு பூசி அடைக்கணும். மத்த மூணு பக்கமும் துரைராசு சிமெண்ட் போட்ட மாதிரி பூசியிருக்காரு. இந்தப் பக்கம் அப்படியே கெடக்கு. இந்த லட்சணத்துல வீராப்பு வேற!”

மலர்க்கொடிக்கு மனசு கேட்கவில்லை. துரைராசிடம் போனாள்.

“அண்ணே, என்னால உங்களுக்குள்ள வம்பு வேணாம். விட்டுப்போன பக்கத்தை நானே சேறு வாரிப் பூசிடட்டுமா?”

கார் கிளப்பிய புழுதி அடங்கும்வரை துரைராசு சாலையையே பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“உங்க அறுப்பு முடியிற வரைக்கும் அந்த வரப்புல கை வச்சீங்க, எனக்குக் கெட்ட கோவம் வரும்!”