பக்கத்து மேசை அளவு

“என் பொண்ணு அடுத்தவளைப் பார்த்து எழுதுவாளா சார்? நடக்கவே நடக்காது!”

உயிர்வேதியியல் துறைத் தலைவரின் அறையில், உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றபடியே சொன்னார் அப்பா. மடிப்புக் கலையாத சட்டை, கழுத்துப் பொத்தான் வரை போட்டிருந்தார். ஓரடி பின்னால் தரையைப் பார்த்தபடி நின்றாள் மகள்.

“சின்ன வயசுல ஜன்னல் கண்ணாடியை உடைச்சா. யாருன்னு நான் கேக்கறதுக்கு முன்னாடியே துடைப்பத்தோட வந்து நின்னவ சார் இவ. தாயில்லாத பிள்ளைதான். ஆனா ஒருத்தர் ஒரு சொல் சொல்ல இடம் வைக்காம வளர்த்திருக்கேன்.”

தலைவர் விடைத்தாளை அவர் பக்கம் திருப்பினார்.

“கடைசி வருஷச் செய்முறைத் தேர்வுங்க. குடுவையில அமிலம் இருக்கும். மேல இருக்கற குழாயில இருந்து காரத்தைச் சொட்டுச் சொட்டா விடணும். எந்தச் சொட்டுல லேசா ரோஸ் நிறம் வருதோ, அங்க குழாயை மூடி அளவைக் குறிக்கணும். வகுப்புல எல்லாருக்கும் ஒரே அமிலம்தான். தேர்வுல மட்டும் ஆளுக்கு ஒரு வீரியம் வைப்போம். அதைப் பசங்ககிட்ட சொல்ல மாட்டோம். இவளுக்கு இருபத்திரண்டு மில்லி வந்திருக்கணும். எழுதியிருக்கறது பதினெட்டு புள்ளி நாலு. பக்கத்து மேசைப் பொண்ணோட அளவு.”

“தற்செயலா இருக்கும்.”

“மூணு தடவையுமா?”

அப்பாவின் தாடை இறுகியது. “அப்போ உங்க அமிலத்துலதான் கோளாறு.”

தலைவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். இந்தப் பெண்மேல் அவருக்குத் தனி மதிப்பு உண்டு. நாளைக்கு விசாரணைக் குழு முன்னால் இந்தத் தாள் போனால் அவளுக்குப் பட்டம் கிடையாது.

“இருங்க, நான் சொல்றதைக் கேளுங்க. மூணு வருஷமா எழுத்துத் தேர்வுல இவதான் முதல். இவளுக்குக் காப்பி அடிக்க வேண்டிய அவசியமே இல்ல. அந்த ரோஸ் நிறம் இவ கண்ணுக்குப் படலையோன்னு எனக்கு ஒரு சந்தேகம். சில பேருக்குச் சிவப்பும் பச்சையும் பிரிச்சுத் தெரியாது. கண் டாக்டர்கிட்ட ஒரு சீட்டு வாங்கிட்டு வந்தா, நிறம் பார்த்துச் சொல்ல ஒரு ஆளைத் துணைக்குப் போட்டு மறுபடி தேர்வு வைக்கலாம். பொதுவா பொண்ணுங்களுக்கு இது வராது. அப்படி வந்தா அதுக்குக் காரணம்...”

“காப்பிதான் அடிச்சேன் சார்.”

மகள் நிமிர்ந்து நின்றிருந்தாள்.

“என் கண்ணுக்கு ஒண்ணும் இல்ல. நேரம் பத்தல. பக்கத்து மேசையைப் பார்த்து எழுதிட்டேன்.”

“அவசரப்படாதேம்மா. மூணு வருஷப் படிப்பு. இனிமே எந்த இடத்துலயும் சேர முடியாது.”

“தெரியும் சார்.”

அடுத்த அறையில் யாரோ குடுவைகளைக் கழுவிக் கவிழ்க்கும் சத்தம் கேட்டது. அப்பா சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

“பெத்தவன் எங்க கையெழுத்துப் போடணும்?”

தலைவர் தயங்கித் தயங்கிக் நீட்டிய புகார்ப் படிவத்தில் நடுங்காமல் கையெழுத்திட்டார்.

“பாவம்னு விட்டுடாதீங்க சார். பொய் சொல்லித் தப்பிக்கறது எங்க குடும்பத்துலயே கிடையாது.” மகளைப் பார்க்காமலே சொன்னார்: “கீழ நிக்கறேன். வா. ஆனா என் பக்கத்துல நடந்து வராதே.”

படிகளில் செருப்புச் சத்தம் இறங்கி ஓய்ந்தது.

தலைவர் மேசையிலிருந்து இரண்டு கோப்புகளை எடுத்து நீட்டினார். “இதுல பச்சை எது?”

மகள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். கடைசியில் சிவப்புக் கோப்பைத் தொட்டாள்.

“அசட்டுப் பொண்ணே! ஒரு சீட்டுதானே? எதுக்கு இந்தப் பழியை இழுத்துப் போட்டுக்கறே?”

“ஒரு பொண்ணுக்கு இந்தக் குறை இருந்தா, அவ அப்பாவுக்கும் கட்டாயம் இருக்கும்னு ரெண்டாம் வருஷம் நீங்கதானே சார் நடத்தினீங்க? நான் சீட்டு வாங்கினா அப்பாவுக்கும் தெரிஞ்சுடும்.”

“தெரிஞ்சா என்ன? இது ஒரு அவமானமா?”

அவள் துப்பட்டாவால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

“ரோடு வேலை நடந்த இடத்துல எதிர்ல லாரி வந்து மோதி, அம்மாவும் கொடி காட்டினவரும் அங்கேயே போயிட்டாங்க சார். ‘அவன் பச்சைக் கொடி காட்டினதாலதான் காரை எடுத்தேன், என்மேல தப்பில்ல’ன்னு அம்மா படத்துக்கு முன்னால தினம் சொல்லிட்டுத்தான் அப்பா சாப்பிடவே உட்கார்றார். அன்னிக்குப் பின்சீட்ல இருந்த எனக்கும் அது பச்சையாத்தான் தெரிஞ்சுது.”