குசினிக் காட்சி

“ரெண்டாவது பாகத்துல பையன் சமையக்கட்டுல சாப்பிடுற அந்தக் குசினிக் காட்சி வேணாம்க்கா,” என்றான் எலியட். “விளையாடுறவங்க எல்லாரும் அதைத்தான் குறை சொல்றாங்க. பையன் சாப்பிட்டு முடிச்சு படகு ஏறுறதுக்குள்ள தூக்கம் வந்திருதாம்லா.”

அன்பரசி உருவாக்கிய கேமின் அடுத்த பாகத்துக்காகப் புதிதாகச் சேர்ந்தவன் அவன். அசாம் ஜாவா என்ற ஊரில் அவள் வீட்டு அறைதான் அலுவலகம்.

“அது இருக்கட்டும் எலியட்.”

எலியட் விளையாடுபவர்களின் கணக்கைத் திரையில் காட்டினான். “இங்க பாருங்கக்கா. ஒருத்தர் தினமும் திறக்கறார். பையன் வாசலுக்கு வந்ததும் நிறுத்திட்டு, மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கறார். ஒரு தடவைகூட படகு வரைக்கும் போகல. அவ்வளவு போரிங்.”

அன்பரசி கூடத்தின் பக்கம் திரும்பினாள். அங்கிருந்து கேமில் வரும் பையனின் குரல் கேட்டது. “இன்னும் கொஞ்சம் சோறு போடும்மா.”

எலியட் எட்டிப் பார்த்தான். அன்பரசியின் அம்மா ஃபோனும் கையுமாக உட்கார்ந்திருந்தார். திரையில் பையன் வாசலை நெருங்கியதும் அவசரமாக நிறுத்தினார். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

“என் தம்பி குரல்,” என்றாள் அன்பரசி. “சுங்கை செம்பிலாங் கடல்ல அவன் போன படகு கவிழ்றதுக்கு முந்தின வாரம் பதிவு பண்ணினது. அம்மா இன்னும் அவனக் கடலுக்குப் போக விடல.”