எதிர்வீட்டு டீச்சரின் புகார்

“உங்க மேல ஒரு புகார் வந்திருக்கு. உங்க எதிர்வீட்டிலேருந்து,” என்றார் முன்னாள் படைவீரர் அலுவலகத்து அதிகாரி.

பீரங்கிக்காரர் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

பட்டாளத்தில் பதினெட்டு வருஷம் பீரங்கிக்குப் பக்கத்தில் நின்றவர். தெருவில் அதுவே அவர் பெயராகிவிட்டது. அந்தச் சத்தத்தில் உள்காது கெட்டுப்போய், இடது காதில் ஓயாத இரைச்சல். திடீர் திடீரென்று உலகமே ராட்டினமாகச் சுற்றும். எதையாவது கட்டிப்பிடித்துக்கொண்டு இருபது நிமிஷம் இருந்தால் தானாக நிற்கும்.

இதற்காக உடல்குறைபாட்டு ஓய்வூதியம் கேட்டு இரண்டு முறை விண்ணப்பித்தார். இரண்டு முறையும் இல்லை என்று வந்துவிட்டது. காரணம், மருத்துவக் குழு முன்னால் போய் நின்ற இரண்டு நாளும் பாழாய்ப்போன தலை கொஞ்சம்கூடச் சுற்றவில்லை. கண்ணை மூடி ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார்கள். கொக்கு மாதிரி அசையாமல் நின்றார்!

“ஒரு தடவையாவது விழுந்து தொலைச்சிருக்கக் கூடாதா?” என்று வீட்டுக்காரி தலையில் அடித்துக்கொண்டாள்.

“பொய்யா எப்படிடி விழறது?”

இது மூன்றாவது விண்ணப்பம். அதில்தான் எதிர்வீட்டுக் கணக்கு டீச்சர் மண்ணை அள்ளிப் போட்டிருக்கிறார்.

“அந்தம்மாவா? எனக்கு அப்பவே தெரியும் சார்!” பக்கத்து நாற்காலியில் இருந்த வீட்டுக்காரி பொரிந்தாள். “எப்பப் பாரு, ஜன்னல்ல மூக்கை ஒட்டவெச்சுக்கிட்டு எங்க வீட்டையே பார்க்கும்.”

“படிக்கிறேன், கேளுங்க. ‘ஐயா, என் எதிர்வீட்டு முன்னாள் படைவீரரின் நடத்தை சகிக்கவில்லை. மூன்றாம் தேதி காலை ஏழு பத்துக்கு, என் வாசலில் உள்ள விளக்குக் கம்பத்தைக் கட்டிப்பிடித்தார். ஏழரைக்குத்தான் விட்டார். ஒன்பதாம் தேதி மாலை, பால் வாங்கி வரும்போது நட்டநடுத் தெருவில் தவழ்ந்து போனார். பால் பாக்கெட்டை வாயில் கவ்வியிருந்தார்.’ நிஜமாவா?”

“ரெண்டு கையும் தரையில ஊணியிருந்தேன் சார். பாலை வேற எப்படி எடுத்துட்டுப் போறது?”

மூலையில் தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண் சட்டென்று குனிந்துகொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

“‘பதினாறாம் தேதி என் பூந்தொட்டியில் வாந்தி எடுத்தார். குடித்திருப்பாரோ என்று அருகில் போய் முகர்ந்து பார்த்தேன். வாடை இல்லை. அடுத்த மூன்று முறையும் முகர்ந்தேன். இல்லவே இல்லை. குடிக்காமலே இந்த ஆட்டம் ஆடுகிறவர் குடித்தால் தெரு தாங்குமா? இடது பக்கம் நின்று திட்டினால் காதிலேயே வாங்காமல் போகிறார். வலது பக்கம் வந்து திட்டினால் மட்டும் மன்னிப்புக் கேட்கிறார். என்ன திமிர்!’”

அவ்வளவுதான். தட்டச்சுப் பெண் வாய்விட்டே சிரித்துவிட்டாள். அதிகாரி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பீரங்கிக்காரருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

“எங்க பொழப்பு உங்களுக்குச் சிரிப்பா இருக்கா சார்?” வீட்டுக்காரி நாற்காலியை விட்டு எழுந்தாள்.

“கோவிச்சுக்காதீங்கம்மா. மொத்தமாப் பார்த்தா நாலு மாசத்துல பதினோரு தடவை. தேதி, நேரம், எத்தனை நிமிஷம், எல்லாம் இருக்கு. இடது காது கேக்கலைங்கிறதுகூட இருக்கு. மருத்துவக் குழு கேட்டுக்கிட்டிருந்தது இதைத்தான். அதுவும் இவர் மேல கடுப்புல இருக்கிறவங்களே எழுதியிருக்காங்க. இதைவிட நல்ல சாட்சி யாருக்குக் கிடைக்கும்? குழுவுக்கு அனுப்பினேன், ஒத்துக்கிட்டாங்க. இதெல்லாம் நடந்ததுதான்னு இவர் ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது.”

பீரங்கிக்காரர் கையெழுத்துப் போட்டார். எழுந்தார். எழுந்த வேகத்தில் அதிகாரியை அப்படியே கட்டிப்பிடித்துக்கொண்டார்.

“பரவாயில்லை, பரவாயில்லை. சந்தோஷம்தானே?”

“சந்தோஷம்தான் சார். கூடவே தலையும் சுத்துது. ஒரு இருபது நிமிஷம் அசையாம நில்லுங்க.”

வீடு திரும்பியதும் வீட்டுக்காரி கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. நேரே எதிர்வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினாள்.

“வேணாம்டி, விடு,” என்று பின்னாலேயே சுவரைப் பிடித்தபடி வந்தார் பீரங்கிக்காரர்.

கதவு திறந்தது.

“ரொம்ப நன்றி டீச்சர்!” என்றாள் இடுப்பில் கைவைத்து. “எங்களைக் கெடுக்க எழுதினீங்க. அதை வெச்சே இவருக்கு ஓய்வூதியம் கிடைச்சிடுச்சு. இப்ப என்ன பண்ணுவீங்க?”

“கிடைச்சிடுச்சா?”

டீச்சர் சின்னப் பிள்ளை மாதிரி ஒரு குதி குதித்தார். வீட்டுக்காரியின் இரண்டு கைகளையும் பிடித்து உலுக்கினார். கண் நிறைந்திருந்தது.

வீட்டுக்காரிக்கு ஒன்றும் புரியவில்லை. “என்ன டீச்சர் இது? நீங்கதானே அவ்வளவு திட்டி எழுதினீங்க?”

“என் வீட்டுக்காரரும் பட்டாளம்தாம்மா. இதே வியாதி. அவருக்காக ரொம்ப மரியாதையா, அழகா, ஒன்பது மனு எழுதினேன். அவர் போய்ச் சேர்ற வரைக்கும் ஒண்ணைக்கூட யாரும் பிரிச்சுப் பார்க்கலை. புகார் எழுதினா மட்டும்தான் ஒரு வரி விடாம படிக்கிறாங்க!”