நேரில் பார்வையிடப்பட்டது

புதுக்கூரை போட்டவர்களின் மானிய மனு வந்தால், ஊராட்சிச் செயலர் தவசிலிங்கம் நாற்காலியை விட்டு எழாமலே ‘நேரில் பார்வையிடப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவார். பேச்சித்தாயின் மனுவிலும் அப்படித்தான். தகரத்தைக் கொக்கி போட்டு முடுக்க வேண்டும், மேலே கல் வைத்து ஒப்பேற்றக் கூடாது என்பது விதி. முந்தாநாள் அடித்த காற்றில் அவள் வீட்டுத் தகரம் பிய்த்துக்கொண்டு, புருஷனின் காலில் இறங்கிவிட்டது. அவன் ஆஸ்பத்திரியில் கிடந்தான்.

தவசிலிங்கம் இன்றுதான் அந்தத் தெருவுக்குள் கால் வைத்தார். வீட்டுக்கு வழி கேட்க வேண்டியிருக்கவில்லை. கூரையில்லாத வீடு அது ஒன்றுதான். வாசலெங்கும் கற்கள் சிதறிக் கிடந்தன. தேடியும் ஒரு கொக்கி கண்ணில் படவில்லை.

பேச்சித்தாய் சொம்பு நிறைய மோர் கொண்டுவந்தாள்.

“நேர்ல வந்து பாத்ததா காயிதத்துல எழுதியிருந்தீகளே சார், அன்னைக்கு நான் களையெடுக்கப் போயிட்டேன் போல. வீடு தேடி வந்தவுகளுக்கு ஒரு வாய்த் தண்ணிகூடக் குடுக்கலியேன்னு மனசு கெடந்து அடிச்சுக்கிருச்சு. தப்பா நெனைச்சுக்கிறாதீக.”

அவர் சொம்பை வாங்கி அண்ணாந்து குடித்தார். மோர் தீர்ந்த பிறகும் சொம்பை முகத்திலிருந்து இறக்கவில்லை.