ஒற்றைப் பம்பரம்

பள்ளியின் லேத் பட்டறைக்குள் வாத்தியார், எட்டு மாணவர்கள், அவர்களில் ஒருத்தியாக என் தங்கை, அவள் வீட்டில் மறந்துவிட்ட பாதுகாப்புக் கண்ணாடியைக் கொடுத்த பின்னும் போகாமல் நிற்கும் நான். தரையில் சிதறிய பித்தளைச் சுருள்களில் காலை வெயில் மின்னுகிறது. பத்தாவதோடு நின்ற எனக்கு இந்தப் பாடம் கிடைக்கவில்லை. அவள் கடைந்த ஒரே ஒரு பம்பரத்தை வாத்தியார் தூக்கிக் காட்ட, எல்லோரும் கை தட்டுகிறார்கள். நேற்றிரவு கம்பெனி ஷிப்டில் நான் நானூறு போல்ட் கடைந்தேன். ஒரு நாயும் திரும்பிப் பார்க்கவில்லை. பம்பரத்தை வாங்கி நகத்தால் தடவுகிறேன். “ஓரத்துல பிசிறு இருக்கு,” என்கிறேன். “போண்ணா, உனக்கு வயித்தெரிச்சல்!” என்று சிரிக்கிறாள். பிசிறே இல்லை. என் கை தானாக லேத்தின் பிடிக்குப் போகிறது. “தம்பி, அத பசங்க மட்டும்தான் தொடணும். மெஷின் ஓடப்போகுது, வெளிய போங்க,” என்கிறார் வாத்தியார். நான் வாசலைத் தாண்டியதும் முதுகுக்குப் பின்னால் கதவு சாத்தப்பட்டு, உள்ளே தாழ்ப்பாள் விழுகிறது.